எர்னெஸ்டினாவின் தொப்பி

கோக்கோ ஆற்றங்கரையில் மொரேவியன் சபை நடத்திய நர்சிங் பள்ளியில் பட்டம் தலையில்தான் ஏறும். கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பிகளை முதல் நாள் மாலையே ஆலயத்தில் நற்கருணை மேசைமேல் வைத்துவிடுவார்கள். மறுநாள் ஆராதனையில் தலைமை நர்ஸ் தன் கையால் எடுத்துச் சூட்டுகிறவரை யாரும் தொடக்கூடாது. தொப்பி ஏறினால் நர்ஸ்; அதுவரை வெறும் 'பிள்ளை'.

எர்னெஸ்டினாவின் தொப்பி மேசைக்குப் போன மறுநாள் விடியற்காலையில் பட்டாளம் வந்து நின்றது. சண்டை நெருங்குகிறது, ஊரைக் காலி பண்ணுங்கள் என்றார்கள். நோயாளிகளைத் தாங்கிக்கொண்டு போகையில் ஆலயக் கதவு திறந்தே கிடந்தது. தோழி மில்ட்ரெட் கத்தினாள்: "ஏய், ஓடிப்போயி உன் தொப்பிய எடுத்துட்டு வாடி!"

"போடி, ஜெபம் பண்ணி வைக்காம நானே எப்பிடி எடுக்கிறது? ரெண்டு நாள்ல திரும்பிருவோம்ல."

ரெண்டு நாளாம்! வருஷக்கணக்கில் அலைந்து திரும்பியபோது ஆலயமும் பள்ளியும் கரிக்கட்டையாய்க் கிடந்தன.

அப்புறம் எத்தனை பிரசவம் பார்த்தாள், எத்தனை பாம்புக்கடிக்கு ஊசி போட்டாள்! ஊரே அவளை நர்ஸ் என்றது. அவள் மட்டும், "நான் பிள்ளைதான்" என்பாள், சிரித்துக்கொண்டே. ஆனால் வாழைக்காயை மசித்து வாபுல் கஞ்சி கரைக்கும்போதுகூட அவள் கை தானாகத் தலைக்குப் போகும். பாழாய்ப்போன ஏக்கம், வயசானாலும் விடவில்லை.

சபை அதே மண்ணில் கல்லூரியாகவே மறுபடி கட்டியது. முதல் பட்டமளிப்புக்கு அவளை அழைக்க முதல்வர் டயானிராவே வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, பழைய செட்ல மிச்சம் நீங்கதான். உங்களுக்கும் பட்டம் உண்டு, தெரியுமா?"

"தொப்பி?"

"ஐயோ, அதெல்லாம் இப்ப யாரு போடறா? கிருமி சேருதுன்னு எப்பவோ நிறுத்தியாச்சு. சட்டையில பின் குத்துவோம். தங்கமா மின்னும், பாருங்க."

"ஆமா, ஆமா. காலம் மாறிப்போச்சுல்ல," என்றாள் எர்னெஸ்டினா. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

விழாவுக்கு நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு வந்தாள். பெயர் சொன்னதும் மேடை ஏறினாள். டயானிரா பின்னைக் குத்திவிட்டுக் கைகுலுக்கக் கை நீட்டினாள். எர்னெஸ்டினா அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. வலிக்கிற முழங்காலை மடக்கி மண்டியிட்டு, தலையைக் குனிந்து கொடுத்தாள். அப்படியே காத்திருந்தாள்.

ஆன்ட்டி ஜெபம் பண்ணுகிறாள் என்று நினைத்து டயானிரா கண்ணை மூடிக்கொண்டாள். சபையே கண்ணை மூடிக்கொண்டது. கொஞ்ச நேரம் பொறுத்து எல்லாரும் "ஆமென்" சொன்னார்கள்.