கால் லிட்டரும் மேற்குக் காற்றும்

"ஆனி மாதம், மூன்றாம் சனிக்கிழமை. காலை ஆறு பத்து. மேற்குக் காற்று, பலம். ஆறரைக்கு லேசான தூறல். கால் லிட்டர் பெட்ரோலில் ஸ்கூட்டர் பதின்மூன்று கிலோமீட்டர் நானூறு மீட்டர். பைக் பன்னிரண்டு கிலோமீட்டர் தொள்ளாயிரம் மீட்டர். ஸ்கூட்டர் ஜெயித்தது."

என் நாட்குறிப்பில் இருக்கும் பதிவு இது. கடைசி இரண்டு சொற்களை எழுதும்போது பேனாவை எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்பது அடுத்த பக்கத்தைத் தடவிப் பார்த்தால் தெரியும்.

நாட்குறிப்பு என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். குற்றாலத்தில் சாரல் எந்த நாளில் தொடங்கியது, அருவியில் எப்போது தண்ணீர் விழுந்தது, காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்று தேதி போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்குப் பல வருடமாக உண்டு. யாருக்கும் பயன்படாது என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஆனி மாதத்தில் எனக்கு மட்டும் பயன்பட்டது. அதுவும் ஒரு நாள் தாமதமாக.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. வேலை ஆலங்குளத்துக்கு மாறியிருந்தது. வீடு இலஞ்சியில். தென்காசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆலங்குளத்துக்கு இன்னொரு பஸ். இரண்டில் ஒன்று தினமும் தவறும். வண்டி வாங்குவது என்று முடிவானது. எந்த வண்டி என்பதில் வீடு இரண்டு கட்சியானது. பள்ளியில் வேதியியல் ஆசிரியரான என் கணவர் ஸ்கூட்டர் கட்சி. திருமணமான நாளிலிருந்து அவர் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறார். நான் கியர் வைத்த மோட்டார் சைக்கிள் கட்சி.

"போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல ஆகுது. லிட்டருக்கு எது கூட ஓடுதோ அதத்தான் வாங்கணும்" என்று நான் வாதாடினேன்.

அது வெளியில் சொன்ன காரணம். உண்மைக் காரணம் இரண்டாவது கியர். பங்குனியில் பிசான நெல் அறுவடை முடிந்ததும், இலஞ்சி வயல்களுக்கு நடுவே போகும் ரோட்டில் என் தம்பி தன்னுடைய பழைய பைக்கில் எனக்கு ஓட்டப் பழக்கினான். தென்காசியில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன் அவன். வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடும்.

"அக்கா, கிளட்ச்ச மெதுவா விடு. கோழியப் பிடிச்சிட்டு விடுத மாதிரி படார்னு விடாத."

"நீ எப்பம்லே கோழிய மெதுவா விட்டிருக்க?"

வண்டி குதித்து நின்றது. அடுத்த முறையும் குதித்தது. நான்காம் நாள், எப்படி நடந்ததென்று தெரியாமல், முதல் கியரில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த இன்ஜின் இடது காலின் ஒரு தட்டலில் நிதானமான குரலுக்கு மாறியது. கொக்குகள் எழுந்து பறந்தன. நான் சத்தமாகச் சிரித்தேன். அந்தக் குரலுக்காகத்தான் எனக்குப் பைக் வேண்டியிருந்தது. ஆனால் இதையெல்லாம் காரணமென்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்? எனவே மைலேஜ் என்றேன். வைகாசிக் கடைசியில் கியர் வண்டியிலேயே எட்டுப் போட்டுக் காட்டி லைசென்ஸும் வாங்கினேன்.

முதலில் விசாரித்துப் பார்த்தேன். அலுவலகத்திலும் காய்கறிக் கடையிலும் கோவில் வாசலிலும் பைக் வைத்திருப்பவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டேன். ஆண்கள் தங்கள் வண்டியின் மைலேஜைச் சொல்லும்போது பிள்ளைகளின் மார்க்கைச் சொல்லும் முகம் வந்துவிடுகிறது.

"என்ன தருது அண்ணாச்சி?"

"எழுவதுக்குக் கொறையாது."

பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "எழுவதா? போன வாரம் பாவூர்சத்திரத்துலருந்து தள்ளிட்டே வந்தோம்லா, அதயும் சேத்துச் சொல்லுதீங்களோ?"

அதோடு சாட்சிகளை நம்புவதை விட்டேன். நாமே சோதித்துப் பார்ப்போம் என்றேன். வழி சொன்னவன் தம்பி. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, அளந்து ஊற்றிய பெட்ரோலை ஒரு பாட்டிலில் தொங்கவிட்டு இன்ஜினோடு இணைத்துவிடலாம். பாட்டில் காலியானால் வண்டி நிற்கும். எவ்வளவு தூரம் ஓடியது என்று மீட்டரைப் பார்த்தால் போதும். எங்கள் ஸ்கூட்டரும் அவனுடைய பைக்கும் பழைய மாடல் என்பதால் இரண்டிலும் இதைச் செய்ய முடியும். எது கூட ஓடுகிறதோ அந்த வகையில்தான் புது வண்டி; தோற்றவர் அதன் பிறகு பேசக்கூடாது. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு மாதம் வண்டி எடுக்க மாட்டார்கள் என்பதால் உடனே செய்தாக வேண்டும்.

"பெட்ரோல நான்தான் ஊத்துவேன். மச்சினன் கை அக்கா பக்கம் சாயும்" என்றார் கணவர்.

"அத்தான், நீங்க ஊத்துங்க. வேணும்னா தீர்த்தம் மாதிரி கையில வாங்கிக் குடிச்சிப் பாத்துட்டே ஊத்துங்க" என்றான் தம்பி.

அவர் அளவுக் குடுவையோடு வந்தார். குனிந்து, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, ஒரு சொட்டுக் கூடினால் திரும்ப எடுத்து, பரீட்சை நடத்துவதுபோல் ஊற்றினார். தம்பியின் ஒர்க்‌ஷாப் வாசலிலிருந்து ஆலங்குளம் ரோட்டில் கிழக்கே புறப்பட்டோம். நான் ஸ்கூட்டரில். பின்னாலேயே தம்பி பைக்கில், அவன் முதுகுக்குப் பின்னால் என் கணவர். ஸ்கூட்டர் வழுக்கிக்கொண்டு போனது. பாவூர்சத்திரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு ஓரமாக இருமி நின்றது. மீட்டரைக் குறித்தேன். பக்கத்துக் கடையில் டீயும் வடையும் சாப்பிட்டோம்.

இப்போது பைக்கின் முறை. திரும்ப ஒர்க்‌ஷாப்புக்குப் போய் அங்கிருந்து தொடங்கலாமா என்று தம்பி கேட்டான். பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் வண்டியைக் கண்டுபிடிக்கப் பெட்ரோலை வீணாக்குவதா? "வீட்டுக்கு எப்படியும் திரும்பித்தானே போகணும், இங்கனருந்தே தொடங்குவோம்" என்றேன். நானேதான் சொன்னேன். கணவரும் சரியென்றார். வேதியியல் ஆசிரியர், அவரும்தான்.

தம்பி பாட்டிலைப் பைக்குக்கு மாற்றினான். அவர் அளந்து ஊற்றினார். நான் மேற்கே திரும்பினேன். எதிர்க்காற்று சட்டையைப் பிடித்துத் தள்ளியது. ஹேண்டில் இழுத்தது. நான்காவது கியருக்குப் போனால் வண்டி திணறியது, மூன்றிலேயே ஓட்டினேன். பொதிகை மலை மேகத்துக்குள் இருந்தது. மலையைப் பார்த்தபடி, முகத்தில் தூறல் குத்த, வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரிய ரோட்டில் கியர் வண்டி ஓட்டினேன். ஒர்க்‌ஷாப்பின் நீலப் பலகை கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் அரைக் கிலோமீட்டர்தான். வண்டி நின்றுவிட்டது.

நான் இறங்கி அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஸ்கூட்டரில் வந்த இருவரும் இறங்கினார்கள். கணவர் கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

"நல்லா ஓட்டுன" என்றார். அதுதான் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் ஞாயிறு. மனசை ஆற்ற ஐந்தருவிக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் தலையில் அடித்த அடியில் மைலேஜ், கியர் எல்லாம் மறந்துபோனது. குளித்துவிட்டுக் கிழக்கே இலஞ்சிக்குத் திரும்பினோம். அவர் ஓட்ட, நான் பின்னால். ஈரத் துண்டை உலரட்டும் என்று தோளில் போட்டிருந்தேன். அவர், வாங்கப்போகும் ஸ்கூட்டருக்கு என்ன நிறம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டே வேகத்தடைக்கு மெதுவாக்கினார். துண்டு எழுந்தது. எழுந்து முன்னால் பறந்தது. பறந்து அவர் முகத்தை மூடியது.

"ஏட்டி! துண்ட எடு! ரோடு தெரியல!"

வண்டியை நிறுத்திவிட்டார். நான் துண்டை எடுக்கவில்லை. ஓடும் வண்டியில் துண்டு பின்னால்தானே பறக்க வேண்டும்?

"காத்து!" என்றேன்.

"காத்துதான். துண்ட எடு."

"மேல்காத்துங்க! நேத்து ஸ்கூட்டர் போனது கெழக்க. காத்து முதுகப் பிடிச்சுத் தள்ளிட்டே போச்சு. பைக் வந்தது மேக்க. மூஞ்சியில அடிச்சிது. இதுக்குப் பேரு சோதனையா?"

அவர் துண்டைத் தலையிலிருந்து தானே எடுத்தார். "எட்டாங்கிளாஸ் பயகூட இத விட மாட்டான்" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு இரண்டு பேரும் ரோட்டோரத்தில் நின்று, போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பைத் திறந்தேன். "மேற்குக் காற்று, பலம்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. தோல்வியை எழுதிய அதே பக்கத்தில், மூன்று வரிக்கு மேலே. வரலாற்றுப் புத்தகங்களில் கண்ணெதிரே இருந்த ஆதாரத்தைக் கவனிக்காமல் விட்டவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எப்படி விட்டார்கள் என்று வியந்திருக்கிறேன். இப்போது தெரிந்தது. எழுதிவிட்டோம் என்ற நிம்மதியிலேயே விட்டுவிடலாம்.

அடுத்த சனியும் ஞாயிறும் மறுசோதனை. இந்த முறை இரண்டு வண்டியும் ஒரே திசையில், ஒரே வேகத்தில்; சனிக்கிழமை கிழக்கே, ஞாயிற்றுக்கிழமை மேற்கே. இரண்டு திசையையும் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் என் கணவர். கிழக்கே போன பைக், ஸ்கூட்டர் நின்ற தென்னந்தோப்பைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, நிற்கிற எண்ணமே இல்லாமல் போனது. பின்னால் ஸ்கூட்டரில் கணவரோடு வந்த தம்பி ஹாரன் அடித்துக் கூவிக்கொண்டே வந்தான். மேற்கே வந்தபோது எதிர்க்காற்றில் ஸ்கூட்டர் பத்துக் கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை.

"அத்தான், இனிமே பேசக்கூடாதுல்லா?" என்றான் தம்பி.

தம்பி பாட்டிலைக் கழற்றப் போனதும் கணவர் என் பக்கமாக வந்தார்.

"எனக்குக் கியர் போடத் தெரியாது, தெரியும்லா?"

தெரியாது. இத்தனை வருடத்தில் எனக்கு அது தெரியாது. ஸ்கூட்டர் பிடிக்கும் என்பதால் ஓட்டுகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"காலேஜ்ல படிக்கும்போது ஒருநா ஓட்டிப் பாத்தேன். நேரா வாய்க்காலுக்குள்ள போயிட்டேன். வீட்டுல நிக்கிற வண்டிய நானே எடுக்கத் தெரியாம முழிச்சா நல்லாவா இருக்கும்? அதான் வேண்டாம்னேன்."

"நான் பழக்குதேன்" என்றேன். கோழியை விடுவதுபோல் விடக்கூடாது என்பதிலிருந்து தொடங்கலாம் என்று அப்போதே முடிவு செய்துகொண்டேன்.

ஷோரூமில் விற்பனைக்கு நின்ற இளைஞர் என்னைப் பார்த்ததும் கணவரிடம் சொன்னார்: "சார், மேடத்துக்கு ஸ்கூட்டர் அந்தப் பக்கம் இருக்கு."

"வண்டி அவுங்களுக்கு. அவுங்ககிட்டயே சொல்லுங்க. நான் சும்மா கூட வந்தேன்" என்றார் இவர்.

நூறு சிசி வண்டிகளாகப் பார்த்தேன். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிகிறதா, நின்ற இடத்தில் சாய்த்து நிமிர்த்த முடிகிறதா, பின்னால் தள்ளித் திருப்பும்போது இடுப்பு பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாக. புதிதாக ஓட்டுகிறவருக்கு மைலேஜை விட இவைதான் முக்கியம் என்பது மூன்றாவது வண்டியை முக்கால்வாசி சாய்த்துவிட்ட பிறகு புரிந்தது. நான்காவது வண்டி என் உயரத்துக்குச் செய்ததுபோல் இருந்தது. கறுப்பு, சிவப்புக் கோடு.

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, இலஞ்சி முருகன் கோவில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தென்காசிக்கு ஓட்டிப் போனேன். பின்னால் கணவர். இரண்டாவது கியர் புது வண்டியில் இன்னும் இதமான குரலில் பேசியது. நாலாவதில் பாடியது.

பெட்ரோல் பங்கில் எங்களுக்கு முன்னால் எக்ஸ்எல் வண்டியில் ஒரு பெரியவர் நின்றார். தேங்காய் மூட்டைக்கு மேலாகத் திரும்பி என்னை நன்றாகப் பார்த்தார்.

கணவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "இந்தப் பக்கத்துல கியர் வண்டி ஓட்டுத மொத பொம்பள இவதான் அண்ணாச்சி."

"யாரு சொன்னா?" என்றார் பெரியவர். "எங்க வடகரையில ஒரு நர்ஸம்மா ஓட்டுச்சே. நான் சின்னப் பயலா இருக்கும்போது. டபடபன்னு வரும் வண்டி. பிரசவம்னா வயக்காட்டு வழியாவே வந்துரும்."

எந்த வருடம், என்ன வண்டி, பெயர் என்ன என்று நான் கேட்பதற்குள் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை என் பைக்கிலேயே வடகரைக்குப் போய் விசாரித்தேன். ஒருவர் ஆமாம் என்றார். ஆனால் நர்ஸ் இல்லை, டீச்சர் என்றார். இன்னொருவர் வண்டியை ஓட்டியது அந்தம்மாவின் கணவர், அந்தம்மா பின்னால்தான் உட்காருவார் என்றார். டீக்கடையில் ஒரு பெண், தன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்ததே அந்த நர்ஸ்தான் என்றார். வண்டியைப் பற்றி அவருக்குத் தெரியவில்லை.

நாட்குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: "வடகரையில் ஒரு நர்ஸ் மோட்டார் சைக்கிள் ஓட்டியதாகச் செய்தி. நேரில் கண்டதாகச் சொல்பவர் ஒருவர் மட்டும். ஆண்டு தெரியவில்லை. பெயர் தெரியவில்லை. உறுதியாகவில்லை."