வில்லுக்கு வைத்த எண்ணெய்

பாளையங்கோட்டைப் பக்கம் வண்ணார்பேட்டையில் இருபத்தெட்டு வருடமாக லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இரும்பைக் கடையும்போது என் கை நடுங்கியதில்லை. என் மகள் மேடையேறும்போது நடுங்கும். அவள் தப்பாக வாசித்துவிடுவாளோ என்று அல்ல. அதெல்லாம் எனக்குப் புரியாது. வாசிக்க உட்காரும் முன் அவள் ஒரு கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைப்பாள். முடித்துவிட்டு மறுபடியும் முதல் விரலிலிருந்து துடைப்பாள். ஜனங்கள் அதை ஏதோ மேடைப் பழக்கம் என்று நினைத்து ரசிப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அந்தத் துடைப்பை ஆரம்பித்து வைத்தது நான். அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

அவள் வாசிப்பது செல்லோ. வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். தரையில் ஊன்றி, உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிக்க வேண்டும். பாளையங்கோட்டையில் அவள் படித்த பள்ளியில் வயலின் குழு ஒன்று உண்டு. வகுப்பிலேயே நெட்டையான பிள்ளை என்பதால் மூலையில் கிடந்த செல்லோவை இவளிடம் கொடுத்தார்கள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பட்டறைக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரர், "அண்ணாச்சி, சின்ன வயலின் தீந்து போச்சாக்கும்? பிள்ளைக்குப் பெருசைக் கொடுத்துட்டானுவளே!" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு வெளிச்சத்திலேயே பேய் தெரியும். வெயில் பட்டால் செல்லோவின் பலகை வெடிக்கும் என்றாள் மகள், வெயிலுக்குப் பயந்தேன். ஈரம் ஆகாது என்றாள், ஐப்பசி மழைக்குப் பயந்தேன். பஸ் படிக்கட்டு, ஆட்டோக்காரன், வாசல் நிலை, பக்கத்து வீட்டு ஆடு எல்லாவற்றுக்கும் பயந்தேன். அந்தப் பயத்தினாலேயே அதைத் தூக்குகிற வேலை எனக்கு வந்தது. என் அளவுக்குப் பைய, அலுங்காமல் வைத்து எடுக்கிற ஆள் வேறு யாரும் இல்லை. "எங்கப்பா தூக்கட்டும், வேற யாரும் தொடாதீங்க" என்று ஜங்ஷனில் போர்ட்டர்களை விரட்டுவாள். கூட்டத்துக்கு நடுவில் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு நடக்கையில், வாழ்க்கையில் ஒரே ஒரு வேலையாவது சரியாகச் செய்கிறோம் என்று இருக்கும்.

பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே ஒரு பரிசு வாங்கினாள். சென்னையில் இசைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பரிசு பெற்ற பிள்ளைகளுக்கென்று ஒரு டிரஸ்ட், நல்ல செல்லோ ஒன்றையும் அதற்குரிய வில்லையும் வாசிக்கக் கொடுத்தது. அடுத்தவன் பொருள் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று எனக்கு இன்னொரு பயம் சேர்ந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜை விடுமுறைக்கு அவள் வந்திருந்தாள். விஜயதசமிக்கு மறுநாள் காலை சென்னையில் ஒரு பெரிய போட்டியின் கடைசிச் சுற்று. முதலாவதாக வந்தால் பெரிய மேடைகளில் வாசிக்கிற வழி திறக்கும் என்றாள். விஜயதசமி சாயங்கால ரயிலுக்கு எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டிருந்தேன், செல்லோவுக்கும் சேர்த்து மூன்று படுக்கை.

பட்டறை முன்பக்கம், வீடு பின்பக்கம். பூஜையன்று லேத்தைக் கழுவித் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைப்போம். ஸ்பேனரிலிருந்து சுத்தியல்வரை ஒன்று பாக்கியில்லாமல் எண்ணெய் காண வேண்டும், அது எங்கள் வழக்கம். காலையில் அவளே செல்லோவைக் கொண்டுவந்து பூஜைப் பலகை பக்கத்தில் வைத்தாள். பெட்டியைத் திறந்து வில்லின் முடியைத் தளர்த்திவிட்டு மூடினாள். பூஜைக்கு வைக்கும்போது அதை முறுக்கோடு வைக்கக் கூடாதாம்.

"எப்பா, சந்தனத்தைப் பெட்டிக்கு மேல வைங்க, உள்ள வேண்டாம். சாயங்காலம் எடுத்து ரெண்டு மணி நேரம் வாசிச்சுக்கிடுதேன். பூசைக்கு வச்சதை எடுத்தா சாமி ஒண்ணும் சொல்லாதுல்லா?"

"போட்டிக்குப் போற பிள்ளையை சாமி என்ன சொல்லப் போவுது? எடுத்துக்கோ" என்றேன்.

அம்மாவும் மகளும் கோவிலுக்குப் போனார்கள். நான் தனியாக ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். செல்லோப் பெட்டியிடம் வந்ததும் மேலே பொட்டு வைத்தேன். மனசு கேட்கவில்லை, திறந்தேன். வில் கிடந்தது. அதில் கட்டியிருப்பது குதிரைவால் முடி என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்த முடி முழுக்க வெள்ளையாகப் பொடி பூத்து, வறண்டுபோய்த் தெரிந்தது. எல்லா ஆயுதத்துக்கும் எண்ணெய் கண்டாயிற்று, என் பிள்ளையின் ஆயுதம் மட்டும் இப்படிக் காய்ந்து கிடக்கிறதே என்று இருந்தது. பனியன் வேஸ்ட் துணியை எடுத்துப் பொடியைத் துடைத்தேன். இரும்பென்றால் மெஷின் எண்ணெய், இது முடியாயிற்றே. இருபத்தைந்து வருட அனுபவம் பேசியது. அடுப்படிக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலை எடுத்து வந்தேன். உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு, இரண்டு விரலால் முடியை நுனியிலிருந்து அடிவரை உருவினேன். மினுமினுவென்று வந்தது. பார்க்கப் பெருமையாக இருந்தது.

பூஜை முடிந்து பொரிகடலையும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுச் சிறுமி செல்லோப் பெட்டியின் கொக்கியைத் திறக்கப் போனாள். மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தொடாத தங்கம். உங்கையில சுண்டல் எண்ணெ இருக்கு. உள்ள ஒரு வில் இருக்கு, அதுல எண்ணெ பட்டா அவ்வளவுதான், சத்தமே வராது. அக்கா அதுல பிசின் பொடி தடவி வச்சிருக்கேன். அந்தப் பொடிதான் கம்பியப் பிடிச்சு இழுக்கும். எண்ணெ பட்டா வழுக்கிட்டுப் போயிரும்."

என் வாயில் பொரி இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். பாளையங்கோட்டைப் பள்ளியில் பழைய வில் ஒன்று உண்டு. போய் வாங்கி வந்து சாயங்காலம் முழுக்க அதில் கை பழக்கியிருப்பாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆனால் "எங்கப்பா தூக்கட்டும்" என்று சொல்கிற வாய் இனி அப்படிச் சொல்லாமல் போய்விடுமே என்ற ஒரே பயத்தில் மறைத்துவிட்டேன். சாயங்காலம் அவள் பெட்டியை எடுக்க வந்தபோது, பயத்தில் நான் சாமியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"நாளைக் காலையில மறுபூசை முடியாம தொடக் கூடாது."

"காலையில நீங்கதானப்பா எடுத்துக்கோன்னிய?"

"இந்த வீட்டுல சாமின்னு ஒண்ணு இருக்கா இல்லியா? உன் இஷ்டத்துக்கு ஆடுதியா?" என்று கத்தினேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கோவில் வாசலையே மிதிக்காத ஆளு இன்னைக்கு இந்தச் சாமியாட்டம் ஆடுதிய?" என்றாள். மகள் சுவரோரம் உட்கார்ந்து, இடது கை விரல்களை வலது முன்கையில் வைத்து அழுத்தி அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தாள். நான் பட்டறைக்குப் போய், துடைத்த ஸ்பேனர்களையே திரும்பத் துடைத்தேன்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. அவள் செல்லோவை நிறுத்தி, வில்லை முறுக்கி, கம்பியில் வைத்து இழுத்தாள். சிலேட்டில் ஈரத்துணி தேய்த்த மாதிரி ஒரு சத்தம். பிசின் கட்டியை எடுத்துத் தேய்த்தாள். மறுபடி இழுத்தாள். வழுக்கியது. வில்லை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியதை நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். என்னைத்தான் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கையை மோந்து பார்த்தாள். பிறகு சடையைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

"எம்மா, நேத்து நீங்க எண்ணெ வச்சுத் தலை பின்னிவிட்டதும் நான் கையக் கழுவுனேனா?"

"ஞாவம் இல்லையே பிள்ளே."

"கழுவல. சடையச் சுத்திப் பாத்த கையோட வந்துதான் வில்லைத் தளத்துனேன். எங்கைய வெட்டணும்மா." அந்தக் கையைத் தரையில் அடித்தாள். இரண்டு அடி, மூன்று அடி. அவள் அம்மா ஓடிப்போய்ப் பிடித்தாள்.

நான் சொன்னது இதுதான்: "விடு பிள்ளே, எல்லாருக்கும் வாரதுதான்." அதைவிடக் கேவலமான வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை.

பாளையங்கோட்டைக்கு ஓடினோம். வில்லுக்கு முடி மாற்ற இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. பாதி முடி உதிர்ந்த அந்தப் பழைய வில்லைப் பள்ளியில் கொடுத்தார்கள். அதோடு சாயங்காலம் ரயிலேறினோம். மறுநாள் அதை வைத்து வாசித்து முதல் பரிசு வாங்கினாள். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் கழிப்பறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தப்பித்துவிட்டேன் என்றுதான் அழுதேன்.

தப்பிக்கவில்லை. அதன் பிறகு அவள் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. "முடியெல்லாம் செம்பட்டையாப் போச்சே" என்று அவள் அம்மா புலம்புவாள். வாசிக்கும் முன் ஒரு தடவை கை கழுவினாள். பிறகு மூன்று தடவை. பிறகு எண்ணிக்கை இல்லை. பெங்களூர், டெல்லி, கொழும்பு என்று மேடைகள் பெருகப் பெருகக் குழாயடியில் நிற்கிற நேரமும் பெருகியது. பேட்டிகளில் கேட்பார்கள், மறக்க முடியாத பாடம் எது என்று. எண்ணெய்க் கையால் வில்லைத் தொட்ட கதையைச் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். "என் கையை நானே நம்பக் கூடாதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று முடிப்பாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சின்ன வார்த்தை. எனக்கு யாரோ அரம் வைத்து ராவுகிற மாதிரி இருக்கும்.

மூன்று வருடம் சொல்லாமல் இருந்தேன். ஒவ்வொரு முறையும் இந்தக் கச்சேரி முடியட்டும், அடுத்த போட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். போன மாதம் ஊருக்கு வந்தவளின் விரல்களைப் பார்த்தேன். சோப்பு தின்று, தோல் வெடித்து, கணுவெல்லாம் சிவந்து கிடந்தது. இப்படியே போனால் கொஞ்ச நாளில் கம்பியை அழுத்த முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "கழுவாம இருந்தா மட்டும் வாசிக்க முடியுமா?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அடுத்து வந்தது மும்பைக் கச்சேரி. பெரிய வாத்தியக் குழு பின்னால் இருக்க, முன்னால் இவள் ஒருத்தி. அப்படி உட்காருவது இதுதான் முதல் தடவை. அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. அவள் அம்மா முக்கூடலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், போனை எடுக்கவில்லை போல. அதனால் என்னைக் கூப்பிட்டாள். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"எப்பா, கழுவிக் கழுவிப் பாக்கேன், பிசுபிசுன்னே இருக்கு. எனக்குப் பயமா இருக்குப்பா. இன்னைக்கு முடியாதுன்னு சொல்லிரட்டுமா?"

பட்டறையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினேன். இப்போது சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையின் கை போய்விடும் என்று தெரிந்தது. சொன்னால் எனக்குப் பிள்ளை போய்விடும் என்றும் தெரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"ஏ பிள்ளே, அன்னைக்கு வில்லுல எண்ணெ போட்டது நீ இல்ல. நாந்தான். காஞ்சு கிடக்கேன்னு தேங்கா எண்ணெ எடுத்து நானே தேய்ச்சேன்."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"மறுபூசைன்னு கத்துனதும் அதுக்குத்தான். உங்கிட்டச் சொல்லப் பயம்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"அப்பம் எங்கையில ஒண்ணுமில்லையாப்பா?"

"ஒண்ணுமே இல்லம்மா. என்னைக்கும் இருந்ததில்ல."

"மூணு வருசமாக் கழுவுதேனேப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் கச்சேரியைப் போனில் நேரலையாகக் காட்டினார்கள். பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்தேன். வருவாளோ மாட்டாளோ என்று உயிர் கையில் இல்லை. வந்தாள். நேராகப் போய் உட்கார்ந்தாள். கைக்குட்டை எங்கே என்று திரையில் தேடினேன். இல்லை. வில்லை எடுத்துக் கம்பியில் வைத்தாள். நான் முதல்முறையாகக் கண்ணை மூடாமல் கடைசிவரை பார்த்தேன்.

அதற்கப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை, இன்றோடு பதினாறு நாள். அம்மாவிடம் தினமும் பேசுகிறாள். விரல் ஆறி வருகிறதாம். வேறு ஊர்களிலிருந்து இரண்டு அழைப்பு வந்திருக்கிறதாம். நேற்று என் மனைவி அடுப்படியில் நின்றபடி, பூஜைக்கு மகள் ஊருக்கு வருகிற செய்தியைச் சொன்னாள். ரயில் எத்தனை மணிக்கு, நான் எத்தனை மணிக்கு ஜங்ஷனில் நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

"நீங்க வர வேண்டாங்க. செல்லோவ இறக்க ஒரு போர்ட்டர்ட்டச் சொல்லி வைக்கச் சொல்லுதா" என்றாள்.