டொக்டரின் கணினிக்கு நான் சொன்ன பதில்

என் கணவரின் இருதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது. வால்வு மாற்றும் சத்திரசிகிச்சை ஒன்றுதான் மிச்சம் என்று டொக்டர்மார் சொன்ன நாளிலிருந்து, அவர் அதையே நம்பியிருந்தார். "வெட்டித் தைச்சு விட்டினம் எண்டால், மாரி முடிய வெங்காயம் நடலாம்" என்பார். கோப்பாயில் எங்கள் தோட்டம் புல் மண்டிக் கிடந்தது.

கிளினிக்கில் இளம் பெண் டொக்டர் ஒருவர் எங்களை இருத்தி, கணினியைத் திருப்பிக் காட்டினார். செயற்கை நுண்ணறிவாம். இவருடைய இரத்தப் பரிசோதனை, இருதய எக்கோ ஸ்கான், நாங்கள் சொல்லும் பதில்கள் எல்லாவற்றையும் இவரைப் போன்ற நோயாளிகளுக்கு நடந்தவற்றோடு ஒப்பிட்டு, இந்த உடம்பு சத்திரசிகிச்சையைத் தாங்குமா என்று கணிக்குமாம்.

"முடிவெடுக்கிறது நாங்கள்தான். இது சொல்லுறதையும் பாப்பம்" என்றவர் கேட்கத் தொடங்கினார்.

"ஐயா, மூச்சு வாங்காமல் எவ்வளவு தூரம் நடப்பீங்கள்?"

"சந்தைக்குப் போய் வருவன், பிள்ளை."

"மூச்சு முட்டாமல் படுக்கிறதுக்கு எத்தினை தலையணை வேணும்?"

"சீதனமாய் வந்தது ரெண்டு. ஒண்டை இவ விடமாட்டா."

டொக்டர் சிரித்துக்கொண்டே தட்டினார்.

நான் ஆஸ்பத்திரியில் வாய் திறப்பவள் அல்ல. பத்தாம் வகுப்போடு நின்றவள். டொக்டர்மாரைக் கண்டால் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோகும். ஆனால் இவர் சொன்ன பொய்யையெல்லாம் அந்தக் கணினி நம்பி, 'தாங்கும்' என்று சொல்லிவிட்டால்?

"அவர் படுக்கிறேல்லை, டொக்டர்" என்றேன். "ராவெல்லாம் சாப்பாட்டு மேசையிலை தலையைக் கவிட்டுக்கொண்டு இருக்கிறவர். கிணத்தடிக்குப் போறதுக்கே ரெண்டு தரம் குந்துவார்."

"இஞ்சேரப்பா, சும்மா இரும்!" என்றார் அவர். பிறகு டொக்டரைப் பார்த்து, "வீட்டிலை இவவின்ரை குரலைக் கேக்க நான் தவம் கிடக்க வேணும். இண்டைக்கெண்டு கதைக்க வெளிக்கிட்டிட்டா."

டொக்டர் சிரிக்கவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் விறாந்தையில் நடக்கவிட்டார். பாதி தூரத்திலேயே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். டொக்டர் திரும்பி வந்து பதில்களை மாற்றினார். திரையில் மஞ்சளாக இருந்த கோடு சிவப்பானது. பெரிய டொக்டரும் வந்து பார்த்தார். கணினி காட்டியதையே அவரும் சொன்னார். சத்திரசிகிச்சை செய்தால் மேசையிலேயே போய்விடக்கூடும், மருந்தோடு வீட்டில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

பஸ்ஸில் அவர் யன்னல் பக்கம் திரும்பியிருந்தார். இறங்கும்போது சொன்னார். "இருந்த ஒரு வழியையும் அடைச்சுப்போட்டீர்."

அதற்குப் பிறகு என்னிடம் அவர் எதையும் மறைக்கவில்லை. "ஏலாதப்பா" என்பார். நான் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிவிடுவேன். சில நேரம் அப்படியே என் தோளில் நித்திரையாகிவிடுவார். மாரி முடியுமுன் போய்விட்டார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த பிறகு கனடாவிலிருந்து அவருடைய தம்பி போன் எடுத்தார். சத்திரசிகிச்சைக்கென்று லீவு எடுத்து வர இருந்தவர்; கிளினிக்கில் நடந்ததை அண்ணன் சொல்லிக் கேட்டிருந்தவர்.

"அண்ணி, நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அண்ணை இண்டைக்கு இருந்திருப்பார்."

அந்தக் கணினி சொன்னது சரியா என்று இனி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. செய்யாத சத்திரசிகிச்சை எப்படி முடிந்திருக்கும் என்று யாரிடம் கேட்பது? தம்பிக்குச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. விறாந்தையில் அண்ணை நின்ற நிலையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பக்கம் அவர் விம்முவது கேட்டது.

"ஓம் தம்பி, இருந்திருப்பார்" என்றேன். அவர் அழுது முடியும் வரை போனைக் காதோடு வைத்திருந்தேன்.