‘இயக்கம்’ என்ற சொல்லுக்குக் கீழே

தெருவில் அவளைப் பேயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் கூச்சப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். இளவயதில் ஒரே ஒரு படத்தில் நடித்தவள்; அதிலும் பேயாக. முகத்தில் முக்கால்வாசி ஈரக் கூந்தலுக்குள் மறைந்திருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தனியாகக் குளியலறைக்குப் போகப் பயந்தவர்களுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. அவளோ, கணவரின் டிரைவிங் ஸ்கூலில் தொலைபேசி எடுத்து, கார் பழக வருகிறவர்களுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

படத்தை இயக்கியவர் அந்தக் கணவர்தான். பிறகு எடுத்த இரண்டு படங்களும் வந்த சுவடு தெரியாமல் போக, சினிமாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர். ஊரையே நடுங்க வைத்த மனுஷன், இப்போது கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மிதிக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் நடுங்குகிறார் என்று அவளே கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொள்வார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து அவளுக்கு வரும்.

படத்தை எடுத்தது அவரில்லை, தயாரிப்பாளர்தான் என்ற பேச்சு நெடுநாளாகவே உண்டு. “கையில சரக்கு இருந்திருந்தா அடுத்த படம் ஏன் ஓடல?” என்பார்கள். தயாரிப்பாளர் தினமும் தளத்துக்கு வந்து கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்துவார். எல்லோர் காதிலும் விழுந்தது அவர் குரல்தான். அதனால் படமும் அவருடையதாம்.

இப்போது தயாரிப்பாளரின் மகன் அந்தப் பழைய படச்சுருளைச் சுத்தம் செய்து மறுபடி திரையிடப்போகிறார். அழைப்பிதழ் வந்தது. ‘இயக்கம்’ என்ற சொல்லுக்குக் கீழே, காலமான தயாரிப்பாளரின் பெயர். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், ‘இயக்க உதவி’ என்று இவள் கணவர்.

“உதவியாமே!” என்றாள். “நாற்காலி தூக்கிப் போட்டீங்களா, டீ வாங்கிக் குடுத்தீங்களா? என்ன உதவி பண்ணீங்க?”

“விடும்மா. செத்துப்போன மனுஷனோட என்ன வழக்கு?”

“செத்தவர் ஒண்ணும் கேக்கலை. உயிரோட இருக்கிறவன்தான் பிடுங்கறான்.”

திரையிடலுக்கு முன்னால் திரைப்படக் கழகத்தில் ஒரு கலந்துரையாடல். அவர் வரமாட்டேன் என்றுவிட்டார். அவள் இருந்ததில் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு தனியாகப் போனாள்.

மேடையில் தயாரிப்பாளரின் மகனும் தாடி வைத்த விமர்சகர் ஒருவரும் இருந்தார்கள். அவளுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். பேய் நேரில் வந்ததற்குப் பலத்த கைதட்டல். தாடிக்காரர் பிரியமாகவே கேட்டார்: “எல்லாக் காட்சியிலயும் நீங்க இருந்தீங்க. இப்படி நட, அப்படிப் பாருன்னு உங்களுக்குச் சொன்னது யாரும்மா?”

“என் வீட்டுக்காரர்தான். வேற யாரு?”

“ஆனா உங்க கண்ணுல வெள்ளை லென்ஸ் மாட்டியிருந்தாங்களே. ஒண்ணுமே தெரியாதுன்னு நீங்களே பேட்டி குடுத்திருக்கீங்க. சொன்னது யாருன்னு எப்படித் தெரியும்?”

“கட்டின புருஷன் குரல் எனக்குத் தெரியாதா?”

“அப்போ இன்னும் கட்டலையேம்மா!”

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. அவள் முகம் சிவந்தது.

“சிரிங்க. முதலாளி என்ன கத்தினாருன்னு சொல்லட்டுமா? ‘பல்லைக் காட்டு, நகத்தை நீட்டு, ஓன்னு அலறு!’ அவர் சொன்னபடி எடுத்திருந்தா நீங்க அன்னிக்கும் இப்படித்தான் சிரிச்சிருப்பீங்க. என் வீட்டுக்காரர் காதோரமா வந்து சொல்லுவார்: ‘யாரையும் பயமுறுத்தாதே. வீட்டுக்கு நேரம் கழிச்சு வந்திருக்கே. தூங்கறவங்க யாரும் முழிச்சிடக் கூடாது. அப்படி நட.’ நடந்தேன். நீங்கதான் பயந்தீங்க.”

“அருமையான நினைவு,” என்றார் தாடிக்காரர். “ஆனா நினைவுதானே.”

தயாரிப்பாளரின் மகன் கைபேசியை ஒலிவாங்கிக்கு அருகே பிடித்தார். பழைய வானொலிப் பேட்டி. கரகரப்புக்கு நடுவே அவள் கணவரின் இளமைக் குரல்: “இந்தப் படத்துல என்னோடதுன்னு ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் முதலாளி பண்ணினது.”

“இது யார் குரல் அத்தை?” என்றார் மகன், மரியாதையாகவே.

அத்தையாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பெரியவங்களைப் பத்திப் பேசறப்போ நாலு வார்த்தை பணிவா சொல்றதுதான். ‘எல்லாம் உங்க ஆசீர்வாதம்’னு சொல்றவன் பரீட்சையை நீங்க எழுதினீங்கன்னா சொல்றான்? பணிவைப் பிடிச்சு வாக்குமூலமாக்கறீங்களே, வெக்கமா இல்ல?”

கைதட்டினார்கள். ஆனால் முடிவு மாறவில்லை. வேண்டுமானால் இரண்டு பேர் பெயரையும் சமமாகப் போடலாம் என்றார் மகன். திங்கட்கிழமை டைட்டில் முடிவாகிவிடும். அதற்குள் சார் வந்து அந்தப் பேட்டியைத் தன் வாயால் மறுத்தால் பழையபடி சார் பெயரையே விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னார். சார் மறுக்கமாட்டார் என்ற தைரியம் அந்தப் பேச்சில் இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. “எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?”

அவர் ஸ்கூல் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை மடித்தார். “அவர் அப்போ ஆஸ்பத்திரியில இருந்தார். கட்டில் பக்கத்துல ரேடியோ வச்சிருந்தாங்க. கேட்டா சந்தோஷப்படுவார்னு தோணிச்சு.”

“நோயாளியைப் பாக்கப் போனா ரெண்டு பழம் வாங்கிட்டுப் போவாங்க. படத்தையா தூக்கிக் குடுப்பாங்க?”

அவர் மடித்த துணியை மறுபடி பிரித்தார்.

“அது உங்க படம் மட்டும் இல்ல. நான் நடந்த நடை அது. கண்ணு தெரியாம, உங்க குரலை நம்பி நடந்தேன். அந்தக் குரலே இல்லைன்னு அங்க சொல்றாங்க. நான் உக்காந்து கேட்டுட்டு வரேன்.”

அவர் துணியைக் காரின் மேல் வைத்தார். பிறகு, “போனைப் போடு” என்றார்.

மறுமுனையில் மகன் எடுத்தார். இவர் வழக்கம்போலத்தான் ஆரம்பித்தார். “தம்பி, நல்லா இருக்கீங்களா? உங்க அப்பா ரொம்பப் பெரிய மனுஷன். அவர் பணம் போடலைன்னா...” அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். அவர் போனைக் காது மாற்றிப் பிடித்தார். “ஆனா படத்தை எடுத்தது நான். நான் மட்டும்தான் தம்பி. ரேடியோவில சொன்னது பொய்.”

“இப்போ வந்து பொய்னா எப்படி சார்?”

“அன்னிக்கு உங்க அப்பாவுக்காகச் சொன்னேன். இன்னிக்கு உங்களுக்காகச் சொல்ல முடியாது.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “சரி சார். பழைய பெயரே இருக்கட்டும்.”

தொடர்பு அறுந்தது. ஏதோ தப்பு செய்துவிட்டவர்போலப் போனைக் கீழே வைத்தார். பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தார்.

“எவ்வளவு நேரம் ஆச்சு இதைச் சொல்ல? ஒரு நிமிஷம் ஆச்சா?” என்று அவள் வெடித்தாள். “இத்தனை வருஷமா நான் ஊரெல்லாம் சண்டை போட்டுட்டுத் திரிஞ்சேனே!” அன்று சாயங்காலம் வரைக்கும் அவள் அவரோடு பேசவில்லை.