தட்டிப் பார்த்து வாங்கிய பலகை

எங்கள் ஊர் வாசகசாலைக்கு வந்த ஒலிபெருக்கி பிறந்த மேனியாக வந்தது. பட்டணத்தில் யாரோ கைகழுவிய பழைய ரேடியோவை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரிவு போட்டு வாங்கியிருந்தோம். ரேடியோ முழுசாக இருந்தது. தனியாக வந்த ஒலிபெருக்கிக்கு மட்டும் பெட்டி இல்லை. ஒரு காந்தம், அதன் தலையில் ஒரு காகிதப் புனல், அவ்வளவுதான். மேசைமேல் வைத்துக் கேட்டால், செய்தி வாசிக்கிறவர் பாறசாலை ஊருக்கு அப்பால் நின்று மூக்கால் பேசுவதுபோல் இருந்தது.

பாதித் தென்னந்தோப்புக்குச் சொந்தக்காரரான வாசகசாலைத் தலைவர் உடனே வழி சொன்னார்.

"எனக்க வீட்டுல அயனிப் பலகை கெடக்கு மக்கா. பெட்டி நான் செஞ்சு தாறேன். முன்வசத்துல எனக்க பேரைக் கொத்தணும், அம்புடுதான்."

நான் காரியதரிசி. தாலுகா கச்சேரியில் பகல் முழுவதும் பெரிய மனிதர்களின் பெயரை எழுதிவிட்டு, சாயங்காலமும் ஒரு பெரிய மனிதரின் பெயரைப் பார்த்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை. "நானே குறைந்த செலவில் செய்து தருகிறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு மாலை ஊர்கூடிக் கேட்கும் நாள். அதற்குள் என் பெட்டி தேறாவிட்டால் அவர் பெட்டி, அவர் பெயரோடு. அப்படித்தான் தீர்மானமாயிற்று.

தேக்கு ராஜமரம். நம் முற்றத்தில் முளைத்தாலும் மகாராஜாவுடையது. அயனிக்கும் பலாவுக்கும் சொன்ன விலையில் பெட்டிக்குப் பதிலாக எனக்கே ஒரு பல்லக்கு செய்துகொள்ளலாம். மிச்சமிருந்தது ஒட்டுப்பலகை. மெல்லிய மரத்தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, தேயிலைப் பெட்டிகளுக்கென்று கப்பலில் வருவது. காலியான பெட்டிகளைப் பிரித்து நெய்யாற்றின்கரைச் சந்தையில் ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். ஊர்த் தச்சு ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஒலியைப் பற்றிய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை நான் பாதி படித்திருந்தேன். மீதிப் பாதியைக் கரையான் படித்துவிட்டது. எனக்குக் கிடைத்த பாதியில், நல்ல மரம் ஒலியை வாங்கித் தானும் முழங்கும், வீணைக்கு அதுவே உயிர் என்று இருந்தது. ஆகவே ஒவ்வொரு பலகையையும் காதோரம் தூக்கிப் பிடித்து விரல்முட்டியால் தட்டினேன்.

கடைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். "சாருக்கு வேண்டியது பலகையா, சக்கைப்பழமா?"

மெல்லிய பலகை ஒன்று 'டொண்' என்று பாடியது. உடனே அதைத் தனியே எடுத்து வைத்தேன். ஏதோ இயந்திரம் வந்த பெட்டியின் தடித்த பலகை 'தொப்' என்றது.

"ஏமானே, இது மிண்டாத பலகை, வாயே தொறக்காது. பெட்டிக்கு இதாக்கும் கொள்ளாம், நல்லது" என்றார் ஆசாரி.

"செத்த பலகை. அடுக்களைக்குப் போதும்" என்றேன், புத்தகத்தின் முதல் பாதி கொடுத்த தைரியத்தில்.

ஒரே கட்டில் இருந்ததைப் பிரித்துத் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னதால் இரண்டும் வீட்டுக்கு வந்தன. பாடும் பலகையில் ஒலிபெருக்கிப் பெட்டி. மிண்டாத பலகையில் என் மனைவிக்கு மரச்சீனிக் கிழங்கு வற்றல் போட்டு வைக்க ஒரு பெட்டி. இரண்டு தடவை அளக்கச் சோம்பி, ஆசாரி இரண்டையும் ஒரே அளவில் செய்தார். அவர் வாழ்நாளில் பட்ட சோம்பல்களில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை மாலை வெள்ளோட்டம். தலைவர் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். செய்தி வாசிக்கிறவர் வாயைத் திறந்ததும் பெட்டியும் சேர்ந்து வாயைத் திறந்தது. அவர் எதைச் சொன்னாலும் பெட்டி 'ம்ம்ம்' என்று ஆமோதித்தது. போர், வெள்ளம், அரிசி நிலவரம், எல்லாம் ஒரே முழக்கம்.

"வாயனசாலைக்குள்ள கெணறு வெட்டினியா மக்கா?" என்றார் தலைவர். "உள்ள கெடக்குத அவரைக் கரையேத்தி விடு, பாவம்."

ஆசாரி எழுந்து வந்து பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார். முழக்கம் அடங்கியது. கையை எடுத்தார். திரும்பவும் முழங்கியது.

"கண்டீங்களா? பாட வேண்டியது உள்ள இருக்கவன். பெட்டி கூடச் சேந்து பாடப்பிடாது."

இரண்டு அங்கத்தினர்களைப் பெட்டியின் இருபுறமும் கட்டிப்பிடித்து உட்காரச் சொல்லலாமா என்று யோசித்தேன். நம் அங்கத்தினர்களில் யார் பேசாமல் இருப்பார்கள்?

"அதே அளவுல இன்னொண்ணு உண்டு" என்றார் ஆசாரி மெதுவாக. "உங்க வீட்டு அம்மைக்க அடுக்களையில, வத்தல் பெட்டி. கேட்டு வாங்குத வேலை ஏமானுக்கு. நான் வரமாட்டேன்."

ஞாயிறு காலை அடுக்களை வாசலில் போய் நின்றேன். வந்த காரியத்தைச் சொன்னேன். என் மனைவி மரச்சீனி வற்றலைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சேருங்க, இதைச் செத்த பலகைன்னு சொன்னது யாராக்கும்?"

"நான்தான்."

"அடுக்களைக்குப் போதும்ன்னது?"

"அதுவும் நான்தான்."

"ம். எடுத்துட்டுப் போங்க. அந்தப் பாடுத பெட்டி எனக்கு வேணும்."

இவ்வளவு சுலபமாகக் காரியம் முடிந்ததில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆசாரி மத்தியானத்துக்குள் வட்டமாகத் துளை அறுத்து, ஒலிபெருக்கியை இடம் மாற்றிப் பொருத்தினார்.

மாலையில் ஊர் கூடியது. குமிழைத் திருகினேன். ஒரு மனிதர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து நம்மிடம் பேசினார். மூக்கும் இல்லை, கிணறும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக வந்து நின்றது. தலைவர் கடைசிவரை கேட்டார். குனிந்து பெட்டியை மோந்து பார்த்தார்.

"கொள்ளாம். ஆனா மரச்சீனி மணக்குது."

அயனிப் பெட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நான் எழுந்து, பல மரங்களையும் நுட்பமாகப் பரீட்சித்துத் தேர்ந்த விதத்தைச் சிறிது விரிவாகவே சொன்னேன். பின் வரிசையில் ஆசாரிக்கு இருமல் வந்தது. பேச்சு முடிந்ததும் நின்றுவிட்டது.

பாடும் பெட்டியில் என் மனைவி ஏத்தன் வாழைக்காய் வறுத்த உப்பேரிப் பரணியை இறக்கி வைத்தாள். முன்புறத் துளையை அடைக்கவில்லை. காற்றோட்டத்துக்கு என்றாள். அந்த வாரமே ஒரு மத்தியானம், அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் மூடியை மெல்லத் தூக்கிப் பரணிக்குள் கைவிட்டேன். ஒரே ஒரு உப்பேரி நழுவிப் பலகையில் விழுந்தது.

பெட்டி 'டொண்' என்றது.

கிணற்றடியில் துணி அடிக்கும் சத்தம் நின்றது.

"இஞ்சேருங்க, விழுந்ததை எடுத்துத் தின்னாப் போதும். கையில இருக்கதை உள்ள போடுங்க."