காற்று போனால் நிற்கும் வண்டி

அவருக்கு இருப்பவை ஏழரை விரல்கள். லாரி மெக்கானிக் கடை வைத்திருக்கும் அவரைக் கடைத்தெருவில் எல்லோரும் ஏழரை என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்கே திரும்பிப் பார்ப்பார். "வீட்டுக்குள்ளயே ஏழரைய வச்சிருக்கேன், எனக்கு எதுக்கு ஜாதகம்?" என்பார் மனைவி.

மற்ற இரண்டரை விரல்கள் போனது பதினொரு வருஷத்துக்கு முன்னால். லாரியின் பின்சக்கரத்தில் பிரேக்குக்காக ஸ்பிரிங் பூஸ்டர் என்று ஒன்று உண்டு. வாளி அளவு இரும்பு டப்பா. உள்ளே ஒரு முரட்டு ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கும். பின்பக்கம் நீள போல்ட்டை நுழைத்து, முறுக்கி, ஸ்பிரிங்கைக் கட்டிய பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். அன்று அவசரம், கட்டாமல் திறந்தார். மூடி தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு போனது. விரல்கள் போன இடம் பக்கத்துக் கடை நாய்க்குத் தெரிந்திருக்கலாம் என்பார்.

மனைவியின் தம்பி கொண்டுவந்த, கல் ஏற்றும் லாரிக்கு வயது அறுபத்தொன்று. அவன் அப்பா ஓட்டியது. வெள்ளிக்கிழமை வண்டித் தகுதிப் பரிசோதனையில் பிரேக் தேறாவிட்டால் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். தம்பிக்கு வேறு பிழைப்பு தெரியாது.

ஆறு நாள் ஏழரை அந்த வண்டியை அடித்தார். துருப்பிடித்த பிரேக் டிரம்மைச் சம்மட்டியால் அடித்தே பிரித்தார். வர மறுத்த ஆணிகளைச் சிவக்கக் காய்ச்சி மறுபடி அடித்தார். சட்டையில் பொறி விழுந்து நெஞ்சில் நாலு இடம் பொத்துப்போனது. கடைசியில் புது ஸ்பிரிங் பூஸ்டர்கள் இரண்டும் உட்கார்ந்தன.

"பழசுல காத்து இருந்தாத்தான் பிரேக், மாப்ள. புதுசுல காத்து போனாலே பிரேக். ஸ்பிரிங் வந்து சக்கரத்தக் கவ்விக்கும். நீ செத்தாக்கூட வண்டி நிக்கும்."

"நான் ஏன் மாமா சாகணும்?"

"சும்மா ஒரு உதாரணத்துக்கு."

"வேற உதாரணமே கெடைக்கலயா உங்களுக்கு?"

புதன்கிழமை வண்டியை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கொண்டுபோனவன், வியாழன் காலை முழு லோடு கல்லோடு திரும்பிவந்து, கடை வாசலில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினான். கடை இருப்பது மேட்டில். சாலை அங்கிருந்து நேராகச் சரிந்து பஸ் நிறுத்தத்தில் போய் முடியும்.

ஏழரை கடைசியாக ஒரு பார்வை பார்க்க அடியில் நுழைந்தார். இரண்டு பூஸ்டரிலும் நீள போல்ட் ஏறியிருந்தது. ஸ்பிரிங்கை யாரோ கட்டிப்போட்டிருந்தார்கள். காற்று போனால் இனி எதுவும் கவ்வாது.

வெளியே வந்தவர் கையில் ஸ்பேனர் இருந்தது.

"எவன்டா முறுக்குனது?"

"நான்தான். நேத்து பாலத்து நடுவுல தானா பூட்டிக்கிச்சு. எங்கயோ காத்து கசியுது. பின்னால நாப்பது வண்டி. ஒவ்வொருத்தனும் எங்கம்மாவ விசாரிச்சுட்டுப் போறான்."

"கசிஞ்சா ஓட்டயத் தேடணும். பிரேக்கக் கட்டுவியா? அறிவு இருக்கா?"

"ஓடுற வண்டிதான் மாமா சோறு போடும். ஊனக் கைய வச்சிக்கிட்டு எனக்கு அறிவு சொல்ல வந்துட்டாரு."

ஸ்பேனரைக் கீழே போட்டார். அந்த அளவுக்கு நிதானம் மிச்சம் இருந்தது. பிறகு அறைந்தார். தம்பி தலையால் முட்டினான். ஏழரைக்கு மூக்கு உடைந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. அவன் கழுத்தைப் பிடித்து லாரிக் கதவில் இரண்டு முறை மோதினார். தரையில் புரண்டார்கள். கல்லாவிலிருந்து ஓடிவந்த மனைவி, பாகங்கள் கழுவும் மண்ணெண்ணெய் வாளியை இருவர் மேலும் கவிழ்த்தார்.

"அடிச்சுக்கிட்டுச் சாகணும்னா ரோட்டுல போய்ச் சாவுங்க!"

"பாருக்கா, ஓட்டிக் காட்டுறேன்!" என்று எழுந்தவன் கட்டைகளை எட்டி உதைத்துவிட்டு ஏறினான்.

"காத்து ஏறட்டும்டா! கசிஞ்சு காத்து டேங்க் காலிடா!" என்று கத்தினார் ஏழரை.

என்ஜின் உறுமியது. முதல் கியரில் சரிவில் இறங்கினான். இரண்டாவதுக்கு மாற்றும்போது பழைய கியர் பல் பிடிக்காமல் நழுவியது. பிரேக்கை மிதித்தான், கால் தரைவரை போனது. ஏழரை கட்டையோடு ஓடிப் பின்சக்கரத்துக்கு முன்னால் வீசினார். சக்கரம் அதைச் சிராய் சிராயாக்கிவிட்டுப் போனது.

கீழே பஸ் நிறுத்தத்தில் இருபது பேர் நின்றார்கள். தம்பி ஸ்டீயரிங்கை ஒடித்து வலப்பக்கக் கருங்கல் மதிலில் வண்டியை உரசவிட்டான். புழுதி பறந்தது, கதவு காகிதமாக உரிந்தது, கற்கள் சாலையெங்கும் கொட்டின. மதிலில் பாதி சரிந்த பிறகுதான் வண்டி நின்றது. பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவருக்கும் அடியில்லை.

ஏழரை கடப்பாரையால் கதவை நெம்பினார். தம்பியின் முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது.

"கால் இருக்கா மாமா?"

"இருக்கு. அசையாத."

"பாக்க முடியல. நெசமா இருக்கா?"

"இருக்குடா நாயே," என்றார். கடப்பாரையை மறுபடி இடுக்கில் கொடுத்தார்.

தம்பியின் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள்; மூன்று மாதம் ஊன்றக் கூடாது. கசிவு காற்று ஏற்றும் கம்ப்ரஸர் குழாயில் இருந்தது, மாற்றியாகிவிட்டது; நீள போல்ட் இரண்டையும் ஏழரையே கழற்றினார். பரிசோதனையை அடுத்த மாதம் பதினாறாம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். அன்று வண்டியை ஓட்டிப்போக வெளியிலிருந்து ஒரு டிரைவரைப் பேசி வைத்திருக்கிறார்கள்.