பின்கேட்டில் இருந்த ஆள்

சவுதியில், யான்புவிலிருந்து ரிஃபைனரிக்குப் போகிற சாலையில் வெகுதூரம் போய் உள்ளே திரும்பினால் எங்கள் கேம்ப். ஒரு சின்ன ஊர் அளவுக்கு அங்கே ஆட்கள் இருந்தார்கள். பள்ளிவாசல், மளிகைக்கடை, முடிவெட்டுகிறவர் எல்லாம் உண்டு. போலீஸ் நாங்கள்தான். சட்டையில் செக்யூரிட்டி என்று எழுதியிருந்தாலும் கேம்ப்காரர்கள் எங்களைப் போலீஸ் என்றே கூப்பிட்டார்கள். ஒருத்தன் செருப்பை இன்னொருத்தன் போட்டுக்கொண்டு போனால் என்னிடம் வருவார்கள். குளியலறை வரிசையில் வாளியை வைத்து இடம் பிடித்தால் அதற்கும் என்னிடம்தான். நான் ஹிந்தியில் கத்துவேன். என் ஹிந்தியைக் கேட்கிற கொடுமைக்குப் பயந்தே பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள்.

முதலில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். செலவைக் குறைக்கிறோம் என்று கம்பெனி ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பியது. கடைசியில் மிஞ்சியது நானும் புதுக்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவனும். பகல் எனக்கு, இரவு அவனுக்கு. இருவருக்கும் ஒரே ரூம். ஆனால் சேர்ந்து உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டதில்லை. அவன் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவன் போவான். சாவியைக் கொடுத்துவிட்டு, தண்ணி லாரி வந்ததா, ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று நாலு வார்த்தை. அவ்வளவுதான் எங்கள் பழக்கம். தமிழ் பேசும் ஒருத்தன் அதே ரூமில் இருந்தும் பேச்சுத்துணை இல்லாமல் இருப்பது தனி வேதனை. சில நாள் டியூட்டி முடிந்து வந்து, அவன் தூங்கி எழுந்து போட்டுவிட்டுப் போன போர்வையைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வரும்.

கேம்புக்கு இரண்டு கேட். முன்கேட்டில் ஒருவன் இருந்தால் பின்கேட் அநாதை. அந்த வழியாகக் கேபிள் களவுபோக ஆரம்பித்தது. பழி தன் தலையில் விழும் என்று பயந்த புதுக்கோட்டைக்காரன் ஒரு காரியம் செய்தான். பின்கேட் கேபினில் நாற்காலி போட்டு, தலையணையைத் திணித்த பழைய டியூட்டி ஜாக்கெட்டை அதில் உட்கார வைத்தான். தலைக்கு ஒரு தண்ணீர் கேன், அதன் மேல் தொப்பி. அழுக்குக் கண்ணாடி வழியாகத் தூரத்திலிருந்து பார்த்தால் அசல் ஆள். களவு நின்றது. தண்ணி லாரி ஓட்டுகிற பாகிஸ்தான் பட்டாணி அதற்கு சலாம் சொல்லிவிட்டுப் போவதை நானே பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிறகு ரவுண்ட்ஸ் போகும்போது நானும் அதனிடம், "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்கத் தொடங்கினேன். கேட்க வேறு யார் இருந்தார்கள்?

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்து என் மனைவி போன் செய்தாள். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பிரசவத்துக்குக்கூட என்னை வரச்சொல்லிக் கேட்காதவள். இந்த ஒரு தடவை மட்டும், ஆஸ்பத்திரியில் நீங்கள் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். கேட்கவே கூச்சப்பட்டாள். வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். ஆனால் லீவு வேண்டுமென்றால் எனக்குப் பதில் ஒரு ரிலீவர் வேண்டும், ரிலீவருக்கு பட்ஜெட் கிடையாது. நான் அவர் மேசையை விட்டு நகரவில்லை. கடைசியில் அவரே வழி சொன்னார். கேம்பைப் பார்க்கப் பெரிய கம்பெனி அதிகாரி வருகிறார். பின்கேட்டில் ஆள் இல்லை என்பதை அவர் கண்ணால் பார்த்தால் இன்னொரு ஆளுக்கு அனுமதி கொடுப்பார். அந்த ஆளை உன் இடத்தில் போட்டு உன்னை அனுப்பிவிடுகிறேன் என்றார். ஆக, பின்கேட் காலியாக இருந்தால் நான் ஊருக்குப் போகலாம்.

அதிகாரி வருகிற அன்று காலையில் முதல் வேலையாகப் பின்கேட்டுக்குப் போய் ஜாக்கெட்டைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். புதுக்கோட்டைக்காரனிடம் இதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சாவி மாற்றுகிற நேரத்தில், என்னைவிட வயதில் சின்னவனிடம், மனைவியின் கர்ப்பப்பையைப் பற்றி எப்படிப் பேசுவது?

அதிகாரியின் வண்டி வந்தது. வெயிலில் அவர் இறங்கவே இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, வேலியை ஒட்டி ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் மேனேஜர் போன் செய்தார். குரலில் ஒரே குழப்பம். இரண்டு கேட்டிலும் ஆள் இருக்கிறது, பின்கேட் ஆள் அசையாமல் உட்கார்ந்து டியூட்டி பார்க்கிறான், இந்த ஏற்பாடே போதும் என்று அதிகாரி பாராட்டினாராம். யார் அது என்று மேனேஜர் கேட்டார். தலையணை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இரண்டு பேருக்கும் வேலை போகும். கேண்டீன் பையனாக இருக்கும் என்று எதையோ உளறி வைத்தேன்.

அப்போதுதான் புதுக்கோட்டைக்காரன் டியூட்டிக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"ரூம் ஜன்னல்ல பாத்தா பின்கேட்டு காலியா கெடந்துச்சுண்ணே. பெரிய ஆளு வர்ற நேரத்துல நம்ம மானம் போயிருமேன்னு, தூக்கத்துல எந்திரிச்சு ஓடி, உக்கார வச்சுட்டு வந்தேன்."

அவன் செய்தது தப்பே இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் என்றால் ஓட்டையை மூடிக் காட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த வேலை. ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் ஏன் என்று புரியாமல் நின்றான். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

இரண்டு டியூட்டியையும் தானே பார்ப்பதாக மேனேஜரிடம் போய்க் கெஞ்சினான். ஒரே ஆள் பகலும் இரவும் நிற்கக் கூடாது என்பது ரூல். நடக்கவில்லை.

ஆபரேஷன் அன்று நான் முன்கேட்டில் நின்றேன். மனைவியின் தங்கச்சிதான் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முடிந்துவிட்டது, மயக்கம் தெளியவில்லை என்று தங்கச்சி போனில் சொன்னபோது, யாரோ ஒருத்தன் வாளி திருட்டைப் பற்றி என்னிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தான். அவனை அடித்திருப்பேன்.

ரம்ஜானுக்குப் பிறகு பக்கத்து சைட் ஒன்றை மூடியதால், அங்கிருந்த நேபாளி ஒருவனை எங்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு லீவு கிடைத்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். அவள் அப்போது நன்றாகத் தேறியிருந்தாள். மாவு அரைக்கிற சத்தம் கேட்டது. கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்து, விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

"வாங்க, வேணாங்கல. எனக்காகன்னு மட்டும் வராதீங்க. அன்னைக்கு ஒரு நாளுதான் பயமா இருந்துச்சு. அது போயிருச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பிறகு எத்தனை பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுகிறவள் மாதிரி, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாள்.